சக ஊழியரின் அஞ்சற்பெட்டி என் கணினியில்: மைக்ரோசொப்ட் 365 அனுமதி வசதி பற்றிய மதிப்பீடு

எங்கள் நிறுவனம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறது. மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய் என்று ஊர்ச் சாமான்களைப் பொதி செய்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்புகிறோம். நிர்வாகமும் கணக்கும் என் பொறுப்பு. வாடிக்கையாளர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருப்பவர் என்னைவிட வயதில் மிக இளையவர். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவர் பிரசவ விடுமுறையில் போகும் நாள் நெருங்கியபோது, அவருடைய மின்னஞ்சலை யார், எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கு நாங்கள் பயன்படுத்தியது, மைக்ரோசொப்ட் 365 என்ற மின்னஞ்சல், அலுவலக மென்பொருள் சந்தாவுக்குள் இருக்கும் அனுமதி வசதி. அந்த வசதியையும், அதை அமைத்துத் தந்த தம்பியின் சேவையையும் பற்றித்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுள் பல இதற்கான பணத்தை ஏற்கனவே மாதாமாதம் கட்டிக்கொண்டும் இப்படி ஒரு வசதி இருப்பதை அறியாமலே இருக்கின்றன. அதனால்தான் விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கையின் கடைகள், அலுவலகங்கள் ஊழியர் சட்டத்தின் கீழ் பிரசவ விடுமுறை 84 நாட்கள். வார விடுமுறைகளும் பௌர்ணமிப் போயா நாட்களும் அதற்குள் அடங்கா. நாட்காட்டியில் எண்ணினால் மூன்று மாதத்தைத் தாண்டிப் போகும். அவ்வளவு காலத்துக்கு வாடிக்கையாளர் கடிதங்கள் பதிலின்றிக் கிடக்க முடியாது. எங்களுக்கு ஒரு பொது முகவரியும் உண்டு. ஆனால் ரொறன்ரோ கடைக்காரர்கள் அதற்கு எழுதுவதில்லை. தங்கச்சியின் பெயரிலுள்ள முகவரிக்குத்தான் எழுதுவார்கள். போன தடவை மிளகாய்த்தூள் கொஞ்சம் கறுத்து வறுபட்டிருந்தது, இந்த முறை கவனியுங்கள் என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் தன் தாயாருக்கு ஒரு பொதி புழுக்கொடியலைத் தனியாக வைக்கச் சொல்லுவார். இந்த உறவு ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. புதிய முகவரியை அறிவித்து அவர்கள் எல்லோரையும் அங்கே போகச் சொல்வது எங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் மரியாதையல்ல.

நேரமும் ஒரு சிக்கல். கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், குளிர் காலத்தில் பத்தரை. அங்கே காலையில் கடை திறந்து அனுப்பும் கடிதம் இங்கே மாலையில் அலுவலகம் பூட்டிய பிறகு வந்து சேரும். காலையில் நான் வந்து கதிரையில் இருந்தவுடனேயே அதைப் பார்த்தால்தான் அன்று பகலில் பொதி செய்யும் ஆட்களுக்கு விபரம் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் அலுவலகங்களில் இதற்கு வழக்கமாகக் கையாளும் வழி, கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்வது. எங்கள் முதலாளி ஐயாவும் முதலில் அதைத்தான் சொன்னார். நான் மறுத்தேன். கடவுச்சொல்லைக் கொடுப்பது வீட்டுத் திறப்போடு கையெழுத்தையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது. அதன்பிறகு அந்த முகவரியிலிருந்து போகும் கடிதத்தை எழுதியது யார் என்று எவராலும் நிறுவ முடியாது. நான் தவறான விலை எழுதி அனுப்பினாலும் அது அவர் எழுதியதாகவே நிற்கும். பலர் ஒரே கடவுச்சொல்லை வங்கிக்கும் வேறு கணக்குகளுக்கும் வைத்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வேறு இருக்கிறது. நான் புதிய கணினியிலிருந்து உள்நுழையப் பார்த்தால் உறுதிப்படுத்தும்படி அவருடைய கைத்தொலைபேசிக்குத்தான் செய்தி போகும். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாயைக் காலையில் எழுப்பி இலக்கம் கேட்பதா? அந்தச் சரிபார்ப்பையே நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைவிட மோசமான ஆலோசனை இருக்க முடியாது.

சட்டத்தையும் யோசிக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், உரிய அதிகாரம் இல்லாமல் ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஒரே அலுவலகத்துக்குள் நடப்பதால் அது விளையாட்டாகிவிடாது. யார் அனுமதித்தார், எதற்காக, எப்போதிலிருந்து என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்ற இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வரும் கடிதங்கள் தானாகவே எனக்கும் வரும்படி திருப்பிவிடலாம். ஆனால் திருப்பிவிட்ட நாளுக்குப் பிறகு வருபவை மாத்திரம்தான் எனக்குக் கிடைக்கும். போன வருடம் அந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை சொன்னோம், எந்த அளவுப் பொதி அனுப்பினோம் என்ற பழைய தொடர் என்னிடம் இராது. பதிலும் என் முகவரியிலிருந்துதான் போகும். அடுத்தது, எனிடெஸ்க் போன்ற மென்பொருளால் என் கணினியிலிருந்து அவருடைய கணினிக்குள் நுழைவது. அதற்கு அவருடைய கணினி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் யாராவது போய்த் திரும்பப் போட வேண்டும். அதோடு, அப்படி நுழையும்போதும் நான் அவராகவேதான் இருக்கிறேன். கடவுச்சொல்லை வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இனி வசதிக்கு வருகிறேன். எங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் மைக்ரோசொப்ட் 365 இல் இருக்கிறது. அதில் ஒருவருடைய அஞ்சற்பெட்டியை இன்னொருவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தபடியே திறப்பதற்கு, அந்தச் சேவையின் நிர்வாகிக் கணக்கை வைத்திருப்பவர் (எங்களிடம் முதலாளி ஐயா) அனுமதி கொடுக்கலாம். தங்கச்சியின் கடவுச்சொல் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் என் பெயரில், என் கடவுச்சொல்லோடு உள்நுழைகிறேன். என் பெட்டிக்குக் கீழே அவருடைய பெட்டியும் தெரிகிறது. மேலதிகக் கட்டணம் எதுவும் கிடையாது. நாங்கள் கட்டும் சந்தாவுக்குள்ளேயே இது அடங்கியிருக்கிறது.

அனுமதி மூன்று வகை. முதலாவது ஃபுல் அக்சஸ். அது அவருடைய பெட்டியைத் திறந்து கடிதங்களைப் படிக்கவும், நகர்த்தவும், அழிக்கவும் இடம் தரும். ஆனால் அனுப்ப இடம் தராது. வாசிக்க முடிகிறதே, பதில் ஏன் போக மறுக்கிறது என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். அனுப்புவதற்கான அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதில் சென்ட் அஸ் என்பது ஒன்று. அதைக் கொடுத்தால் நான் எழுதும் கடிதம் தங்கச்சியே எழுதியது போலப் போகும். பெறுபவருக்கு என் பெயர் தெரியவே தெரியாது. மற்றது சென்ட் ஒன் பிஹாஃப். அதில் அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரும், அவருக்காக அனுப்புகிறேன் என்பதும் சேர்ந்தே தெரியும்.

நாங்கள் சென்ட் ஒன் பிஹாஃபைத் தேர்ந்தோம். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லண்டனில் கடை வைத்திருக்கும் ஒரு வயதான ஐயா தங்கச்சியை மகள் என்று விளித்துத்தான் எழுதுவார். அவருக்கு நான் தங்கச்சியின் பெயரில் பதில் எழுதினால் அது பொய். என் பெயரும் தெரிந்ததால் அவர் உடனேயே விடயத்தைப் புரிந்துகொண்டார். பிள்ளை பிறந்துவிட்டதா, சுகமா என்று கேட்டு எழுதினார். அனுப்புவதற்கான இரண்டு அனுமதிகளையும் ஒருவருக்கே கொடுத்தால் சென்ட் அஸ்தான் மேலோங்கும் என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் தாருங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நிர்வாகியிடம் கேட்டால், நீங்கள் விரும்பாமலே மற்றவர் பெயரில் கடிதம் போகத் தொடங்கும்.

அமைக்கும் வேலை சிறியது. நிர்வாகி, அஞ்சற்பெட்டிகளை நிர்வகிக்கும் இணையப் பக்கமான எக்ஸ்சேஞ்ச் நிர்வாக மையத்துக்குள் போய், அந்த அஞ்சற்பெட்டியைத் தெரிவு செய்து, பொறுப்பளிப்புப் பகுதியில் என் பெயரைச் சேர்க்கிறார். அவ்வளவுதான். அனுமதி நடைமுறைக்கு வர ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம் என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது. எங்களுக்கு அதற்கு முன்னரே வந்துவிட்டது. கணினியில் நிறுவிய அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருள் என்றால் ஃபுல் அக்சஸ் கிடைத்த பெட்டி தானாகவே இடப்பக்கத்தில் வந்து நிற்கும். உலாவியில் பார்ப்பவர் வலப்பக்க மேல் மூலையிலுள்ள தன் படத்தை அழுத்தி, இன்னொரு அஞ்சற்பெட்டியைத் திறக்கும் தெரிவுக்குப் போய் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும்.

உலாவியில் பார்ப்பதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். காரணம் இருக்கிறது. நிறுவிய அவுட்லுக் வழக்கமான அமைப்பில் மற்றவரின் பெட்டியையும் உங்கள் கணினியில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பொதிப் படங்களும் கப்பல் பத்திரங்களும் சேர்ந்த பெட்டி என்றால் அது பல கிகாபைட் வரும். எங்கள் பக்கத்து இணைய இணைப்பில் அந்த முதற்பிரதி எடுபட நேரம் செல்லும், கணினியில் இடமும் போகும். பகிர்ந்த கோப்புறைகளைத் தரவிறக்கும் தெரிவு ஒன்று கணக்கு அமைப்புக்குள் இருக்கிறது. அதை நிறுத்திவிடலாம். இல்லாவிட்டால் உலாவியே போதும். மற்றவருடைய கடிதங்களின் பிரதி என் கணினியில் தங்காமல் இருப்பது மனத்துக்கும் நிம்மதி.

பழகும்போது தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஒரு கடிதத்தை நான் திறந்தால் அது அவருடைய பெட்டியிலும் வாசித்ததாக மாறிவிடும். இருவருக்கும் இருப்பது ஒரே பெட்டிதானே. அவர் திரும்பி வந்து பார்க்கும்போது எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரிய வேண்டும். அதற்காக முடிந்தவை என்று ஒரு கோப்புறை போட்டு, பதில் எழுதி வேலையும் முடிந்த கடிதங்களை மட்டும் அதற்குள் நகர்த்தினேன். நான் அனுப்பும் பதில்கள் வழக்கமான அமைப்பில் என்னுடைய அனுப்பியவை கோப்புறையில்தான் சேரும், அவருடையதில் அல்ல. அப்படியே விட்டால் அவர் வந்து பார்க்கும்போது வாடிக்கையாளரின் கேள்விகள் இருக்கும், நிறுவனம் என்ன சொன்னது என்பது இராது. அவருடைய பெட்டியிலும் ஒரு பிரதி விழும்படி நிர்வாகியால் மாற்ற முடியும். முதல் நாளே இதைக் கேட்டு மாற்றுவித்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வசதியில் மிகப் பெறுமதியான ஒற்றைத் தெரிவு இதுதான்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப்பட்ட விடயம். ஃபுல் அக்சஸ் என்றால் உண்மையிலேயே எல்லாம்தான். வாடிக்கையாளர் கடிதங்களோடு, சம்பள உயர்வு கேட்டு அவர் முதலாளிக்கு எழுதியதும், வைத்தியசாலையிலிருந்து வந்த அறிவித்தலும், தன் சொந்த அக்காவோடு பரிமாறிய குடும்பக் கதையும் ஒன்றாகத் திறந்து நிற்கும். கம்பனியின் முகவரிதானே, எல்லாம் கம்பனிக்குச் சொந்தம் என்று முதலாளி ஐயா சொன்னார். வியாபாரக் கடிதங்கள் கம்பனிக்குச் சொந்தம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பெண் தன் உடல்நிலை பற்றி வைத்தியருக்கு எழுதியதை, அலுவலக முகவரியிலிருந்து எழுதினார் என்பதற்காக நான் வாசிக்க உரிமை வந்துவிடாது. இதை ஐயாவிடம் நேராகவே சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்.

அதனால் அனுமதி நடைமுறைக்கு வருவதற்கு முன்னர் தங்கச்சியோடு அவருடைய மேசையில் அமர்ந்தேன். அக்கா, நீங்கள் எதையெல்லாம் பார்க்கக்கூடியதாக இருக்கும் என்று கேட்டார். சரியான கேள்வி. அனுமதி கொடுக்கப்படும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி. எல்லாவற்றையும்தான் என்று மறைக்காமல் சொன்னேன். அவர் தன் சொந்தக் கடிதங்களைத் தேடித் தன்னுடைய தனிப்பட்ட முகவரிக்கு அனுப்பிவிட்டு, அலுவலகப் பெட்டியிலிருந்து அழித்தார். நான் எழுந்து வேறு அறைக்குப் போனேன், அவர் ஆறுதலாகச் செய்யட்டும் என்று. முடித்துவிட்டு, யாருக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எதற்காக அனுமதி என்பதை எழுதிக் கையொப்பமிட்டோம். ஐயாவும் ஒப்பமிட்டார்.

முழுப் பெட்டியையும் திறந்துவிட மனம் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பெட்டிக்கு உரியவரே, நிர்வாகியின் உதவி இல்லாமல், தான் விரும்பும் கோப்புறைக்கு மட்டும் மற்றவருக்கு அனுமதி கொடுக்கலாம். வாசிக்க மட்டும் விடலாம், மாற்றவும் விடலாம், நிலைகள் பல உண்டு. வாடிக்கையாளர் கடிதங்களை ஒரு கோப்புறைக்குள் தானாக விழச் செய்து, அதை மட்டும் திறந்துவிடலாம். கோப்புறை மற்றவருக்குத் தெரிய வேண்டுமானால் அதன் மேல்நிலைக் கோப்புறையும் கண்ணுக்குத் தெரியும் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பழக்கமில்லாதவர் அங்கே தடுமாறுவார். ஒரு வாரம், இரண்டு வார விடுமுறைக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். மூன்று மாதத்துக்கு மேல் போகும் விடுமுறையில், புதிய வாடிக்கையாளர் ஒருவர் எழுதும் கடிதம் அந்த விதிக்குள் அகப்படாமல் வெளியே நின்றுவிடும். அதனால்தான் நாங்கள் முழு அனுமதிக்குப் போனோம்.

நாட்காட்டியைப் பகிர்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சந்திப்புகளைத் தனிப்பட்டவை என்று குறித்து வைக்கலாம். ஆனால் முழு அனுமதி பெற்றவரிடமிருந்து விபரத்தை மறைக்க அந்தக் குறியீட்டை நம்பியிருக்கக் கூடாது. மைக்ரோசொப்டே அப்படித்தான் சொல்கிறது. வைத்தியரைப் பார்க்கும் நாளை அலுவலக நாட்காட்டியில் போடாமல் விடுவதே பாதுகாப்பு.

மறுபக்கத்தில், அனுமதி பெற்றவர் என்ன செய்தார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. அஞ்சற்பெட்டிக் கணக்காய்வுப் பதிவு 2019 ஆம் ஆண்டிலிருந்து வழக்கமான அமைப்பிலேயே இயங்குகிறது. நான் அவர் சார்பில் அனுப்பினேனா, எதையாவது அழித்தேனா என்பது என் பெயரிலேயே பதிவாகும். கடவுச்சொல்லை வாங்கி நுழைந்திருந்தால் அதெல்லாம் அவர் பெயரில்தான் விழுந்திருக்கும். இந்தப் பதிவு இருப்பது தங்கச்சிக்குப் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் யார் கையாண்டார் என்று சொல்லக்கூடியதாக இருப்பது நிறுவனத்துக்கும் நல்லது.

இனி, அமைத்துத் தந்தவரைப் பற்றி. முதலில் நகரிலுள்ள ஒரு கணினிக் கடைக்குத்தான் போனோம். பெயர் வேண்டாம். அவர்கள் கேட்டதே தங்கச்சியின் கடவுச்சொல்லைத்தான். அதை என் கணினியில் போட்டு விடுகிறோம், சரிபார்ப்பையும் நிறுத்தி விடுகிறோம் என்றார்கள். வேறு வழி இல்லையா என்று கேட்டதற்கு, எல்லா மின்னஞ்சலையும் ஒரே இடத்தில் சேர்க்கப் புதிய சேர்வர் ஒன்று வாங்க வேண்டும் என்று விலை கூறினார்கள். மாதாமாதம் கட்டும் சந்தாவுக்குள்ளே இருக்கும் ஒன்றுக்காக ஒரு சிறிய நிறுவனத்தைப் புதிய இயந்திரம் வாங்கச் சொல்வது சரியல்ல. அது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. நாலு பேர் சம்பளம் வாங்கும் இடத்தில் அந்தப் பணம் எவ்வளவு பெரிதென்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு தம்பி கிடைத்தார். அவர் முதலில் கேட்டது, அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா, சம்மதமா என்பது. எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. தங்கச்சி பேச்சுவாக்கில் தன் கடவுச்சொல்லைச் சொல்லத் தொடங்கியபோது, வேண்டாம் அக்கா, எனக்கு அது தேவையில்லை, யாருக்கும் சொல்லாதீர்கள் என்று தடுத்தார். முதலாளியின் நிர்வாகிக் கணக்கில் ஐயாவையே உள்நுழையச் செய்து, பக்கத்திலிருந்து ஒவ்வொரு படியையும் விளங்கப்படுத்தினார். ஐயாதான் அழுத்தினார், தம்பி தொடவில்லை. அனுமதியை எப்படிக் கொடுப்பது, எப்படி எடுப்பது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தைப் பார்த்து இப்போது நாங்களே செய்யலாம். 4,500 ரூபா வாங்கினார். என்னைக் கேட்டால் அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கே அந்தப் பணம் தகும். ஒரேயொரு குறை, நேரம். சொன்ன நாளில் வராமல் அடுத்த நாள்தான் வந்தார். முன்னரே அறிவித்ததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் மாமி மகள் நல்லூர்ப் பக்கம் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறார். கோவில் திருவிழா 25 நாட்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அறை கேட்டு எழுதும் கடிதங்கள் அந்தக் காலத்தில் மலையாகக் குவியும். அவர் தன் ஜிமெயிலை விடுதியில் வேலை செய்யும் தம்பிக்கு இதே முறையில் திறந்துவிட்டிருக்கிறார். ஜிமெயில் அமைப்புகளுக்குள் கணக்குகள் பகுதியில், உங்கள் கணக்குக்கு அணுகல் வழங்கும் இடம் இருக்கிறது. கணினியில்தான் செய்ய வேண்டும். இலவசக் கணக்கிலேயே பத்துப் பேர் வரை சேர்க்கலாம். சேர்க்கப்படுபவருக்கு ஓர் உறுதிப்படுத்தல் கடிதம் வரும். ஒரு வாரத்துக்குள் அதை ஏற்க வேண்டும், ஏற்றபின் நடைமுறைக்கு வர ஒரு நாள் வரை செல்லலாம். அவரால் வாசிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம். கடவுச்சொல்லை மாற்ற முடியாது. இதில் கோப்புறை வாரியாகத் திறந்துவிட வழி இல்லை, கொடுத்தால் முழுவதும்தான். விடுதி போன்ற இடத்துக்கு அது போதும், விடுதிக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால். சொந்தக் கணக்கையே விடுதிக்கும் பயன்படுத்துபவர் முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

விடுமுறையில் போனவர் திரும்பி வருவார். திரும்பி வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பது. விசா வந்துவிட்டது என்று ஒருவர் சொல்வார், சில வாரங்களில் கனடாவில் இருப்பார். அவரோடு அவருடைய சொந்த ஜிமெயிலில் நடந்த நிறுவனத்தின் அத்தனை கடிதங்களும் போய்விடும். எங்கள் வட்டாரத்தில் இதனால் பழைய வாடிக்கையாளர்களையே இழந்த வியாபாரிகளை நான் அறிவேன். மைக்ரோசொப்ட் 365 இல் நிறுவனத்தின் முகவரி இருந்தால், போனவரின் பெட்டியைப் பலர் சேர்ந்து பார்க்கும் பகிர்வுப் பெட்டியாக மாற்றிவிடலாம். கடிதங்கள் அப்படியே இருக்கும். 50 கிகாபைட்டுக்குள் இருக்கும்வரை அதற்குத் தனிச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்கான நேரடி உள்நுழைவை மூடிவிட்டு, தேவையானவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் அவசரப்பட்டுக் கணக்கை அழித்துவிடக் கூடாது. அழித்த கணக்கை மீட்க 30 நாட்கள்தான் அவகாசம்.

குறை என்று நான் சொல்லக்கூடியது, அனுமதிக்கு முடிவுத் திகதி குறிக்கும் இடம் அந்தப் பொறுப்பளிப்புப் பக்கத்தில் இல்லை என்பது. கொடுத்த அனுமதி, யாராவது நினைவாகப் போய் எடுக்கும்வரை நிற்கும். பல அலுவலகங்களில் எப்போதோ ஒரு விடுமுறைக்காகக் கொடுத்தது ஆண்டுகள் கடந்தும் அப்படியே இருக்கும் என்று அமைத்துத் தந்த தம்பி சொன்னார். விடுமுறை நாட்களைக் குறிக்கும்போதே அனுமதி முடிவையும் குறிக்கும்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அது வரும்வரை கையால் எழுதி வைப்பதுதான் வழி.

தங்கச்சி வேலைக்குத் திரும்பிய காலையில், அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஐயா அந்தத் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து என் அனுமதியை எடுத்துவிட்டார். தங்கச்சி முடிந்தவை கோப்புறையை வரிசையாகப் பார்த்து, இரண்டு மூன்று இடத்தில் நான் சொன்ன விலைக்குக் காரணம் கேட்டார். எல்லாவற்றுக்கும் கடிதத் தொடர் முன்னாலேயே இருந்ததால் சொல்வது இலகுவாக இருந்தது. மதியத்துக்கு முன்னரே லண்டன் ஐயாவுக்குத் தன் பெயரில் பதில் எழுதிவிட்டார்.

அடுத்ததாக எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் தை மாதத்தில் திருமணத்துக்காக விடுமுறை கேட்டிருக்கிறார். விடுமுறை விண்ணப்பப் படிவத்தில் இப்போது மூன்று வரிகள் கூடுதலாக இருக்கின்றன: அஞ்சற்பெட்டியைப் பார்க்கப்போவது யார், எந்தக் கோப்புறைகள், எந்தத் திகதியில் அனுமதி எடுக்கப்படும். அவர் தன் பொதிக் கணக்குக் கோப்புறையை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார்.